வாங்காத வாடகை

தம்பிக்கு அம்மா எழுதுவது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் உன்னிடம் போனில் ஒரு விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்த நாள் எனக்கு நினைவில்லை. பாதி சொல்வதற்குள் "மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய். அந்த அப்புறம் மறுநாள் சாயங்காலம்தான் வரும். அதனால் இன்றைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்களை எல்லாம் நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, தையல் மிஷின் மேலேயே தாளை வைத்து எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அந்த நேரத்தில் பெற்றவள் எழுதுகிற கடிதத்தில் நல்ல வார்த்தை நாலு இருக்க வேண்டும். இதில் எத்தனை இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி காவ்யாவின் படிப்புக்கும் உன்னுடைய வருமான வரிக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். போன வாரம் ஒரு பக்கம் சாய்ந்தும் விட்டேன். அது உன் பக்கம் இல்லை. ஏன் என்று நீ என் வாயாலேயே கேட்க வேண்டும்.

நீ வீட்டிலிருந்து வேலை பார்த்த வருஷத்தை நினைத்துப் பார். மாடிப்படிக்கு அடியில் மேஜையைப் போட்டுக்கொண்டு, காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, நாளெல்லாம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பாய். நான் மிஷினை மிதித்தால் சத்தம் கேட்கிறது என்று கையைக் காட்டுவாய். இந்த வீட்டில் என்னை அதட்டி நிறுத்திய ஒரே ஆள் நீதான். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கட்டு ரசீதோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். மாதத்துக்கு ஒரு ரசீது. மேலே வாடகைக்கு இருப்பவர் என்று உன் பெயர், கீழே வீட்டு உரிமையாளர் என்று என் பெயர். "கையெழுத்து மட்டும் போடும்மா. வாடகை கொடுக்குறேன்னு ஆபீஸ்ல காட்டுனா எனக்கு வரி குறையும்" என்றாய். "நீ எங்கடா வாடகை கொடுத்த?" என்று கேட்டேன். "எல்லாப் பயலும் இதைத்தாம்மா பண்றான். உனக்கு ஒண்ணும் வராது. நீ வரி கட்டுற அளவுக்கா சம்பாதிக்கிற?" என்று சிரித்தாய். எல்லாவற்றையும் ஒரே பேனாவில் போட்டால் ஒரே நாளில் போட்டது தெரிந்துவிடும் என்று நீலத்தையும் கறுப்பையும் மாற்றி மாற்றிக் கையில் கொடுத்தாய். ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தொட்டு ஒட்டியது நான்தான். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும் என்று, என் பேரில் பான் கார்டுகூட முன்னாலேயே எடுத்து வைத்திருந்தாய்.

அன்றைக்கு நான் ஏன் இன்னொரு கேள்வி கேட்கவில்லை என்று சொல்கிறேன், சிரிக்காதே. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் அப்பா இருந்தவரைக்கும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார், களை எடுத்தார். நாங்கள் குடியிருந்த குடிசை நின்ற மண்கூட வேலை கொடுத்தவருக்குச் சொந்தம். அவர் முறைத்தால் அன்றைக்கு ராத்திரி எங்கே படுப்பது என்று என் அம்மா யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அப்படி வளர்ந்தவள் நான். வாடிப்பட்டியில் இந்த மூன்று சென்ட் இடத்தை வாங்கி, உன் அப்பா லோடு வண்டி ஓட்டியும் நான் மிஷின் மிதித்தும் மேலே ஒரு கூரையை ஏற்றினோம். பத்திரத்தில் என்னைக் கிரையம் பெறுபவர் என்றுதான் எழுதியிருந்தார்கள். வீட்டு உரிமையாளர் என்று என் பேரை அச்சில் பார்த்தது உன்னுடைய ரசீதில்தான். அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன், தொகையைப் பார்க்கவில்லை. மிச்சமான வரியில் என் மிஷினுக்கு மோட்டார் வாங்கிப் போட்டாய். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வருமானம் என்ற சொல்லே நம் வீட்டில் லேசான சொல் இல்லை. நான் பிளஸ் டூ வரைக்கும் படித்தது அரசாங்க விடுதியில், உதவித்தொகையில். அதற்கு வருமானச் சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீசுக்கு அப்பாவோடு போனேன். "வருசத்துக்கு எம்புட்டுய்யா வரும்?" என்று கேட்டார்கள். "வேலை இருந்தா வரும்யா" என்றார் அப்பா. மறுபடி கேட்டார்கள், அவரும் அதையேதான் சொன்னார். கடைசியில் அங்கிருந்தவரே ஒரு தொகையை எழுதிக் கையில் கொடுத்தார். அந்தக் கேள்விக்கு அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லையே என்று நான் கூசிப்போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டோம், இப்போது இருக்கிறது என்று சொல்லப் பயப்படுகிறோம். இந்த இரண்டும் நம் குடும்பத்தில் ஒரே தலைமுறைக்குள் நடந்துவிட்டது, தம்பி.

நீ கல்லூரியில் சேர்ந்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். அதே வருமானச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலகத்தில் நாம் மூன்று பேரும் நின்றோம். உதவியாளர் நம்மேல் இரக்கப்பட்டோ என்னவோ குறைவாகவே ஒரு தொகையை எழுதினார். உன் அப்பா சும்மா இருக்காமல், "சார், அதுக்குக் கொஞ்சம் கூட வரும் சார். சோழவந்தான்ல வெத்தலை அதிகமா வர்ற மாசம் மதுரைக்கு ரெண்டு நடை அடிக்கிறேன்" என்றார். அந்த மனுஷன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கூட்டிப் போடச் சொல்ற ஆளை இன்னைக்குத்தான்யா பாக்குறேன்" என்றார். நான் உன் அப்பாவின் காலை மிதித்தேன், நீ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாய். அவர் கூட்டிச் சொன்னதும் உதவித்தொகைக்கான வருமான வரம்புக்குள்தான் இருந்தது, உனக்கு உதவித்தொகையும் கிடைத்தது. வெளியே வந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "கொறைச்சுக் குடுத்தா புள்ள படிச்சு முடிக்கிற வரைக்கும் எவனாவது கதவைத் தட்டுனா திக்குங்கும். நான் விடிகாலையில வண்டி எடுக்கிறவன். எனக்குத் தூக்கம் முக்கியம்டி" என்றார். அதைப் பிழைக்கத் தெரியாத பேச்சு என்று அன்றைக்கு நினைத்தேன்.

இப்போது காவ்யா கதைக்கு வருகிறேன். கலந்தாய்வில் அவளுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததும் நீதான் முதலில் கத்தினாய், எங்களுக்குப் போனில் காது அடைத்தது. சேருகிற நாளில் வருமானச் சான்றிதழ் கையில் இருந்தால் கட்டணத்தை உதவித்தொகையில் பார்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் மொத்தத்தையும் நாம் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் இடம் போய்விடும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். அவளும் நானும் இ-சேவை மையத்துக்குப் போனோம். உன் சம்பளம் இதில் சேராது, தாய் தகப்பன் வருமானம்தான் கணக்கு என்றார்கள். உன் அப்பா வண்டியில் கிடைப்பதையும் நான் தைப்பதையும் கூட்டினால் வரம்புக்குள் வருகிறது, கொஞ்சம்தான் இடைவெளி. அங்கிருக்கிற பெண், "அக்கா, உங்களுக்கு பான் இருக்குல்ல, வருமான வரிப் பக்கத்துல உங்க பேர்ல என்ன வரவு இருக்குன்னும் எடுத்துருங்க. வி.ஏ.ஓ. சார் இப்பல்லாம் அதைக் கேக்குறாரு" என்றாள். காவ்யாதான் என் போனை வாங்கித் திறந்தாள். விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு, "அம்மா, நமக்கு எந்த வீட்ல இருந்து வாடகை வருது?" என்று சத்தமாகக் கேட்டாள். வரிசையில் நின்ற எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் உன் கம்பெனி பெயரும் இருந்தது. அதைப் படித்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள்.

வி.ஏ.ஓ. கெட்ட மனிதர் இல்லை. "அம்மா, இந்த வாடகை உங்க வருமானம்னா வரம்பைத் தாண்டிருது, நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க வருமானம் இல்லேன்னா, இது தப்புன்னு அங்கனயே மறுப்பைப் பதிஞ்சு, அந்தத் தாளோட வாங்க, பாப்போம். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். அன்றைக்குச் சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டேன். நீ பதறினாய். "அம்மா, அதைத் தொட்டுராத! நீ இல்லேன்னு போட்டா நேரா என் கழுத்துக்குத்தான் வரும். கல்யாண நேரத்துல நோட்டீஸ் வந்தா பொண்ணு வீட்ல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? காவ்யா ஃபீஸை நான் கட்டுறேன். இதை விட்டுரு" என்றாய்.

நீ கட்டுவாய். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. முதல் வருஷம் யோசிக்காமல் கட்டுவாய். அப்புறம் உனக்கென்று ஒரு வீடு, ஒரு கடன், கடவுள் கொடுத்தால் ஒரு பிள்ளை. அப்போதும் கட்டுவாய், கொஞ்சம் தாமதமாக. ஒவ்வொரு தடவையும் அவள் உனக்குப் போன் செய்து, நேரடியாகக் கேட்க முடியாமல், சாப்பிட்டியா அண்ணே என்று ஆரம்பிப்பாள். நீங்கள் இரண்டு பேரும் ரிமோட்டுக்காக அடித்துக்கொண்டு ரத்தம் வர வைத்தவர்கள். அந்த உரிமையோடு அவள் உன்னோடு இனிச் சண்டை போட மாட்டாள். உன் பெண்டாட்டி முன்னால் குரலை இறக்கிப் பேசப் பழகிக்கொள்வாள். உதவித்தொகை அப்படி இல்லை. அதற்காக அவள் யார் முகத்தையும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். நீ நாலு வருஷம் யாருக்கும் நன்றி சொல்லாமல் நிமிர்ந்து படித்தாய் அல்லவா, அதேபோல் அவளும் படிக்கட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

இருந்தாலும் உன்னைக் காப்பாற்ற ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்காமல் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வரிக் கணக்கு எழுதுகிற தம்பி ஒருவர் இருக்கிறார், அவரிடம் போய் உட்கார்ந்தேன். "அவன் வீட்டுச் செலவுக்கு மாசாமாசம் காசு கொடுத்தான்தானே, அதை வாடகைன்னு வச்சுக்கிட்டா என்ன?" என்று வக்கீல் மாதிரி வாதாடினேன். "வச்சுக்கலாம்மா. அப்ப அது உங்க வருமானம், பொண்ணுக்குச் சான்றிதழ் கிடையாது. மகன் செலவுக்குக் குடுத்ததுன்னா அது வாடகை இல்ல, அவரு வரிச் சலுகை வாங்குனது தப்பு. ஒரே காசு ரெண்டு வேசம் போட முடியாதும்மா" என்றார். இதைவிட லேசாக யாரும் எனக்குப் புரிய வைத்திருக்க முடியாது. நீ கொடுத்த காசு எனக்கு ஞாபகம் இருக்கிறது. கேஸுக்கும் அரிசிக்கும், உன் அப்பாவின் கண் ஆபரேஷனுக்கும் கொடுத்தாய். அதற்கு வாடகை என்று பேர் வைத்தால் நான் உன்னிடம் வாடகை வாங்கியவள் ஆகிவிடுகிறேன். என்னால் முடியவில்லை. அவர் இன்னொன்றும் சொன்னார். வரி ஆபீஸ்காரர்களாகக் கேட்பதற்கு முன்னால் நீயே கணக்கைத் திருத்திப் போட்டு, விட்ட வரியையும் வட்டியையும் கட்டிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடுமாம். நோட்டீஸ் வந்த பிறகு போனால் அபராதம், விசாரணை என்று இழுக்குமாம். இதையும் உன்னிடம் அன்றைக்கே சொன்னேன். "கல்யாணம் முடியட்டும்மா, பாக்கலாம்" என்றாய். கல்லூரி அதுவரைக்கும் காத்திருக்காது என்பது உனக்குத் தோன்றவே இல்லை. அது எனக்குக் கோபத்தைவிட வருத்தமாக இருந்தது.

நாம் பேசியதைக் காவ்யா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "அண்ணனை மாட்டிவிட்டுட்டு எனக்கு ஒரு படிப்பும் வேணாம்மா. நான் மதுரையிலயே ஏதாவது ஒரு டிகிரி சேர்ந்துக்கிறேன்" என்றாள். சொல்லிவிட்டு அழவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன் அப்பாவிடம் ரசீது விஷயத்தை அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "எனக்குச் சொல்லாம தாயும் மகனும் போட்டுக்கிட்டீக. ரெண்டும் நம்ம புள்ளைகதான், நான் யாரை விட? கையெழுத்துப் போட்டவ நீ, நீயே பாத்துக்க" என்றார். அதற்குப் பிறகு அவர் சரியாகத் தூங்கவில்லை. அவரைத் தூங்கவிடாமல் செய்தது நாம் இரண்டு பேரும்தான்.

நீயாகக் கூப்பிடுவாய் என்று காத்திருந்தேன். கூப்பிட்டாய், பத்திரிகையில் யார் பேரை முன்னால் போடுவது என்று கேட்டாய். மண்டபத்துக்குச் சொல்லியாச்சா என்று கேட்டாய். தங்கச்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பாயா என்று பேச்சை இழுத்துக்கொண்டே போனேன். மீட்டிங் வந்துவிட்டது. மறுநாள் காலையில் காவ்யாவிடம் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இ-சேவை மையத்துக்குத் தனியாகப் போனேன். அந்தப் பெண் பக்கத்தைத் திறந்து, மறுப்பு என்று இருந்த இடத்தைக் காட்டி, "நான் அமுக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். "வேணாம்த்தா, நானே அமுக்குறேன்" என்றேன். வேறொருத்தி கையால் அது நடக்க வேண்டாம் என்று பட்டது. அமுக்கினேன். எனக்கும் இந்த வாடகைக்கும் சம்பந்தமில்லை என்று அதில் பதிவாகிவிட்டது. உன்னைப் பெற்ற நாளிலிருந்து உனக்கு எதிராக நான் செய்த ஒரே காரியம் இதுதான். திரும்பி வரும்போது ரோட்டோரம் நின்று, தெரிந்தவர் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு அழுதேன். அப்புறம் அந்தத் தாளோடு வி.ஏ.ஓ.விடம் போனேன்.

உனக்குக் கோபம் வரும். வந்தால் என்னைத் திட்டு, காவ்யாவைத் திட்டாதே, அவளுக்கு இது தெரியாது. வரியும் வட்டியும் எவ்வளவு வந்தாலும் பாதி என்னுடையது. ரசீதில் இருப்பது என் கையெழுத்து, அதனால் அந்தப் பாதியை நீ வேண்டாம் என்று சொல்லக் கூடாது. உன் கல்யாணத்துக்கு எனக்கு எடுத்த பட்டுப் புடவையைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். என்னிடம் உடுத்த நல்ல புடவை இருக்கிறது, மாப்பிள்ளையின் அம்மா புதுசு கட்டவில்லை என்று யாராவது பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் இதை நீயே சொல்லிவிடு. பயந்து பயந்து மறைக்கிறவனோடு குடும்பம் நடத்துவது கஷ்டம், தம்பி. தப்புச் செய்தேன், கட்டிவிட்டேன் என்று சொல்கிறவனோடு வாழ்ந்துவிடலாம். மறைக்கத் தெரியாத உன் அப்பாவோடு நான் வாழ்வதை வைத்துச் சொல்கிறேன். வரி கட்டுகிற அளவுக்கு நம் வீட்டில் ஒருத்தன் சம்பாதிக்கிறான் என்று என் அப்பாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். அந்த வரியை முழுசாகக் கட்டு. நீ படித்ததும் அவள் படிக்கப் போவதும் யாரோ கட்டிய அந்தப் பணத்தில்தான்.

இன்றைக்கு மத்தியானம் சான்றிதழ் வந்துவிட்டது என்று போனில் செய்தி வந்தது. காவ்யா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எப்படிம்மா குடுத்தாங்க? அண்ணன் சரி பண்ணிட்டானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவள் கண் கெஞ்சியது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தச் சான்றிதழை அவள் கையால் தொட்டிருக்க மாட்டாள். "ஆமாத்தா, அவனே கணக்கைத் திருத்திக் கட்டிட்டான்" என்றேன். "எனக்குத் தெரியும்மா, அண்ணன் பண்ணுவான்னு" என்று சொல்லிவிட்டு, துணி எடுத்து வைக்கப் போய்விட்டாள். அடுத்த வாரம் அவள் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுகிறாள். ஏறுவதற்கு முன்னால் உன்னைக் கூப்பிட்டு நன்றி சொல்லப் போகிறாளாம். அதற்குள் நான் சொன்னதை உண்மையாக்கிவிடு, சாமி.

அம்மா